போஸ்ட்கிரெஸ்ஸில் ஃபுல் டெக்ஸ்ட் சர்ச்: மொழியை முதலில் முடிவு பண்ணுங்கள்

வணக்கம். டெர்மினலைத் திறந்தே வைத்திருக்கிறேன், எழுத்து சிறிதாகத் தெரிந்தால் திரையைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில், உரைக்குள் சொற்களைத் தேடும் ‘ஃபுல் டெக்ஸ்ட் சர்ச்’தான் இன்றைக்கு. இசை ஆல்பங்களுக்கு ஒரு டேபிள். கலைஞர் பெயர், தலைப்பு, விமர்சனம். தேடுவதற்குப் பலரும் ‘லைக்’ போட்டு, சொல்லுக்கு முன்னும் பின்னும் சதவீதக் குறி வைப்பார்கள். முன்னால் அந்தக் குறி வந்துவிட்டாலே மதிப்புகளை வரிசைப்படுத்தி வைக்கும் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் கைகொடுக்காது; மொத்த டேபிளையும் படித்தாக வேண்டும். ஜின் இண்டெக்ஸ் அப்படி இல்லை. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, எந்தச் சொல் எந்தெந்த வரிசைகளில் வருகிறது என்று எழுதி வைத்திருக்கும்.

உரையைச் சொற்களாகப் பிரித்து, டிஎஸ்வெக்டர் என்ற தேடல் பட்டியலாகக் கொடுக்கும் ஃபங்ஷன் டு_டிஎஸ்வெக்டர். இதில் மொழியைச் சொல்லாமல் இண்டெக்ஸ் போடுகிறேன், பாருங்கள்... எரர். ஃபங்ஷன் ‘இம்யூட்டபிள்’ ஆக இருக்கணுமாம், அதாவது ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரணுமாம். மொழி சொல்லாவிட்டால் அது சர்வர் செட்டிங்கைப் பார்க்கும்; செட்டிங் மாறினால் விடையும் மாறும். அதை நம்பி எப்படி இண்டெக்ஸ் போடுவது? நியாயம்தான்.

சரி, மொழி ‘இங்கிலீஷ்’ என்றே கொடுப்போம். ‘தி ஹூ’, 1964இல் தொடங்கிய பிரிட்டிஷ் ராக் குழு. ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுகிறேன். என்ன வந்தது? ஒன்றுமே இல்லை! இரண்டு சொல்லுமே ஸ்டாப் வேர்ட், அதாவது தேடலுக்கு உதவாத பொதுச்சொல் என்ற பட்டியலில் இருக்கின்றன, அப்படியே தூக்கி எறிந்துவிட்டது. அதனால் கலைஞர் பெயருக்கு, எந்தச் சொல்லையும் எறியாமல் வெட்டாமல் வைக்கும் ‘சிம்பிள்’ அமைப்பு; விமர்சனத்துக்கு ‘இங்கிலீஷ்’. இரண்டையும் ஒட்டி ஒரே டிஎஸ்வெக்டர் ஆக்குகிறேன். ஒட்டும்போது, நல் (மதிப்பே இல்லாத இடம்) வந்தால் வேறு மதிப்பை வைக்கும் கோலெஸ்க் போட மறக்காதீர்கள், ஒரு பக்கம் நல் வந்தால் மொத்தமும் நல். தேடும்போதும், தேடுகிறவர் அடித்ததைத் தேடல் கேள்வியாக மாற்றும் வெப்சர்ச்_டு_டிஎஸ்குவெரியை ‘சிம்பிள்’, ‘இங்கிலீஷ்’ இரண்டிலும் கூப்பிட்டு ‘அல்லது’ போட்டு இணைக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் பதிப்பு 12 முதல் இதை, டேட்டாபேஸே கணக்கிட்டுச் சேமித்து வைக்கும் ‘ஸ்டோர்டு’ ஜெனரேட்டட் நெடுவரிசையாகவே வைக்கலாம்; ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஓடும் டிரிக்கர் எழுதும் தலைவலி இல்லை. ஆனால் அதைச் சேர்க்கும்போது டேபிள் முழுக்கத் திரும்ப எழுதப்படும். அது முடியும்வரை யாரும் படிக்கக்கூட முடியாது. பெரிய டேபிள் என்றால் பட்டப்பகலில் கை வைக்காதீர்கள். அப்புறம் ஜின் இண்டெக்ஸை மட்டும் ‘கன்கரன்ட்லி’ என்று போட்டால், அது உருவாகும்போதும் டேபிளில் எழுதுவது நிற்காது.

தமிழ் டேட்டா வைத்திருப்பவர்களுக்கு: அதே பதிப்பு 12இல்தான், சொல்லின் விகுதிகளை வெட்டி அடிச்சொல்லாக்கும் ஸ்டெம்மரும் தமிழுக்கு வந்தது. ‘சிம்பிள்’ போட்டால் ‘மரம்’ என்று தேடுகிறவருக்கு ‘மரத்தில்’ கிடைக்காது. சரி, ‘மர’ என்று முன்னொட்டுத் தேடல் போடலாமே என்றால், மரபும் மரணமும் சேர்ந்து வந்து நிற்கும். எதை எடுப்பது என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் டேபிளிலிருந்தே நாலு வரி எடுத்து, சோதித்துப் பார்க்க உதவும் டிஎஸ்_டிபக் ஃபங்ஷனில் போட்டு, எந்தச் சொல் எப்படி வெட்டுப்படுகிறது என்று பார்த்துவிட்டு இண்டெக்ஸ் போடுங்கள்.