மலை குலுங்கினால் முதலில் வருவது யார்?

(வெள்ளவத்தையில் ஒரு சனிக்கிழமை மாலை நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளவத்தை மார்க்கெட்டிலிருந்து இந்த மண்டபத்துக்கு ஆட்டோவில் வர எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. நடந்திருந்தால் ஏழு நிமிடம். பிந்தி வந்ததற்குச் சாக்குச் சொல்லவில்லை. இன்றைய பேச்சே தூரத்தைப் பற்றியதுதான். காலி வீதி அடைபட்டாலே நமக்கு இந்த நிலை என்றால், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளத்தாக்கு என்று போகும் ஒற்றை மலைப்பாதை அடைபட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொழும்பில் இருப்பவர்களுக்குப் பூமியதிர்ச்சி என்றதும் கடல்தான் ஞாபகம் வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கியது. நம்மில் பலருக்கு அந்த அதிர்வே தெரியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கடல் வந்தது. நமக்குக் கடல் வந்தது போல, இமயமலைக்காரர்களுக்கு மலையே வருகிறது.

2015 ஏப்ரல் 25. நேபாளத்தில் நண்பகலுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது, கோர்க்கா மாவட்டத்தின் பர்பாக் கிராமத்துக்கு அருகே தொடங்கியது அந்த நடுக்கம். அளவு 7.8. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். ஐந்து இலட்சம் வீடுகள் அளவில் தரைமட்டமாயின. அன்று சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமைதான். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தன, உள்ளே பிள்ளைகள் இல்லை. பெரியவர்களிலும் பலர் வயலில் நின்றார்கள்.

பத்து வருடம் முன்னால் போவோம். 2005 அக்டோபர் 8, காஷ்மீர். அதுவும் சனிக்கிழமைதான். ஆனால் பாகிஸ்தான் பக்கம் அன்று பாடசாலை நாள், நேரம் காலை 8.50. இறந்த 73,000 பேருக்கு மேற்பட்டவர்களில் 17,000-க்கும் மேல் பிள்ளைகள், பெரும்பாலும் வகுப்பறைக்குள். ஒரே கிழமை, ஒரே மலைத்தொடர். காலண்டரில் எது விடுமுறை என்பதுதான் வித்தியாசம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும், மன்னியுங்கள்.

இனி ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: இரவு 11.47. 2023 நவம்பர் 3 அன்று மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட்டில் நிலம் நடுங்கிய நேரம் அது. 2025 ஆகஸ்ட் 31 அன்று ஆப்கானிஸ்தானின் குனார் மாகாணத்தில் நடுங்கியபோதும் அங்கே மணி 11.47. ஜாஜர்கோட் நடுக்கம் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் கணக்கில் 5.7தான். 2015 நடுக்கத்தை விட ஆயிரம் மடங்குக்கு மேல் குறைந்த சக்தி. இருந்தும் 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குனாரில் 6.0, இறந்தவர்கள் 2,200-க்கும் மேல். எல்லோரும் உறக்கத்தில், கூரைக்குக் கீழே.

அப்படியென்றால் கொல்வது எது? நிலம் ஆடினால் நாம் விழுவோம், எழுந்துவிடுவோம். கொல்வது சுவர். அந்த மலைக்கிராமங்களில் கல்லைச் சேற்றால் ஒட்டிக் கட்டுவார்கள். சுவர் தடிப்பாக இருக்கும், பார்க்கப் பலமாகத் தெரியும். உண்மையில் அது வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று என்று இரண்டு மெல்லிய சுவர்கள், நடுவில் சல்லிக்கல். குலுக்கியதும் இரண்டும் பிரிந்து வயிறு தள்ளி விழும். மேலே பாரமான கூரை இருந்தால் அதுவும் சேர்ந்து இறங்கும். சுவரின் இரு பக்கத்தையும் பிணைக்கும்படி குறுக்கே நீளமான கற்களை வைத்து, வீட்டைச் சுற்றி இடுப்புப் பட்டி போல மரத்தாலோ கொங்கிறீட்டாலோ ஒரு வளையம் ஓட்டினால், வீடு வெடித்தாலும் உள்ளே இருப்பவர் வெளியே ஓட அவகாசம் தரும். காஷ்மீரில் பழைய முறை ஒன்று இருக்கிறது, தஜ்ஜி திவாரி என்பார்கள். மரச்சட்டத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து அதற்குள் கல்லும் மண்ணும் அடைப்பது. ஏழைகளின் வீடு என்று ஒதுக்கப்பட்டது அது. 2005-இல் சீமெந்துக் கட்டடங்கள் நொறுங்கிய ஊர்களில் இவை பல நின்றன. பிறகு அரசாங்கமே அந்த முறையை ஏற்றுக்கொண்டு பல்லாயிரம் வீடுகள் கட்டப்பட்டன. நான் பொறியியல் படித்தவன். இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, வீடு விழுந்துவிட்டது. இப்போது யார் வருவார்கள்?

2015-இல் உலகம் முழுவதும் இருந்து 70-க்கும் மேற்பட்ட தேடல் மீட்பு அணிகள் நேபாளத்துக்குப் போயின. மோப்ப நாய்கள், கொங்கிறீட் வெட்டும் கருவிகள், இடிபாட்டுக்குள் நுழைக்கும் கமராக்கள் எல்லாம் இருந்தன. அத்தனை பேரும் சேர்ந்து உயிரோடு எடுத்தது 16 பேரை. அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த 16 குடும்பங்களுக்கு அவர்கள் தெய்வம். ஆனால் மற்ற ஆயிரக்கணக்கானோரை எடுத்தது யார்? பக்கத்து வீட்டுக்காரர்தான். கையாலும் மண்வெட்டியாலும் அலவாங்காலும் எடுத்தார்கள். அவர்களோடு நேபாள இராணுவமும் பொலிசும்.

காத்மாண்டு விமான நிலையத்தில் இருந்ததே ஒரு ஓடுபாதை. பாரமான விமானங்கள் இறங்கி இறங்கி அது சேதமாகி, மே தொடக்கத்தில் பெரிய விமானங்களை நிறுத்தவேண்டி வந்தது. நம் நாட்டிலிருந்தும் சி-130 விமானத்தில் இராணுவத்தினரும் வைத்தியர்களும் போனார்கள். எந்த நாட்டு விமானமாக இருந்தாலும் ஓடுபாதை ஒன்றுதான். அதைத் தாண்டினால் ஹெலிகொப்டர். மலையில் ஹெலிகொப்டர் என்பது நாம் நினைப்பது போல மந்திரக்கம்பளம் அல்ல. உயரத்தில் காற்று மெலிது, தூக்கும் எடை குறையும். மேகம் வந்தால் பறக்க முடியாது. மே 12 அன்று 7.3 அளவில் இன்னொரு பெரிய நடுக்கம். அன்றே நிவாரண வேலையில் இருந்த ஓர் அமெரிக்க ஹெலிகொப்டர் மலையில் மோதி, ஆறு அமெரிக்கப் படையினரும் இரண்டு நேபாளப் படையினரும் இறந்தார்கள். குனாரிலோ இறங்க இடம் இல்லாமல் ஆட்களை வானிலிருந்து இறக்கினார்கள்.

கடைசியில் பல கிராமங்களுக்கு அரிசியும் தறப்பாளும் கூரைத் தகரமும் போய்ச் சேர்ந்தது மனிதர் முதுகிலும் கோவேறு கழுதை முதுகிலும்தான். வெளிநாட்டு மலையேறிகளுக்குச் சுமை தூக்கியவர்களுக்கு அந்தப் பருவத்தில் வேலை போய்விட்டது. உலக உணவுத் திட்டம் அவர்களையே ஆயிரக்கணக்கில் சம்பளத்துக்கு எடுத்தது. பாதை தெரிந்தவனுக்கு வேலை, ஊருக்குச் சோறு. எனக்குத் தெரிந்த நிவாரண யோசனைகளில் இதைவிடப் புத்திசாலித்தனமானது குறைவு.

இங்கே வைத்தியர்கள் யாரும் இருந்தால் அடுத்ததில் என்னைத் திருத்துங்கள். ஒருவருடைய தொடை பல மணி நேரம் கல்லுக்கடியில் நசுங்கிக் கிடக்கிறது. ஆள் பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார். நாலு பேர் சேர்ந்து கல்லைத் தூக்கி வெளியே எடுத்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் இதயம் நின்றுபோகிறது. செத்த தசையிலிருந்து பொட்டாசியமும் வேறு நச்சும் ஒரேயடியாக இரத்தத்தில் கலப்பதுதான் காரணம். அப்போது தப்பினாலும் இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் கைவிடும். அதனால் முடிந்தவரை கல்லைத் தூக்கும் முன்பே சேலைன் ஏற்றத் தொடங்கவேண்டும். 1988 டிசம்பரில் ஆர்மீனியாவின் ஸ்பிட்டாக் பக்கம் நடுங்கியபோது, மீட்கப்பட்ட பலர் இப்படிச் சிறுநீரகம் செயலிழந்து தவித்தார்கள். அதற்குப் பிறகுதான் சிறுநீரக வைத்தியர்கள் அனர்த்த உதவிக்கென்றே ஒரு சர்வதேச அணி அமைத்தார்கள். பாதை அடைபட்ட மலைக்கிராமத்தில் டயாலிசிஸ் எங்கே? அங்கே இருக்கும் மருத்துவிச்சியிடம் இரண்டு போத்தல் சேலைன் இருப்பதும் இல்லாததும்தான் உயிர்.

மலையில் நடுக்கம் நின்றாலும் ஆபத்து நிற்பதில்லை. லாங்டாங் என்றொரு அழகான பள்ளத்தாக்கு. 2015-இல் மேலிருந்து பனியும் பாறையும் சரிந்து ஊரையே மூடின. அதோடு வந்த காற்று எதிர்ப்பக்க மரங்களைப் புல் போலச் சாய்த்தது. பாறை இடுக்கில் ஒட்டியிருந்த ஒரு வீடுதான் அந்த ஊரில் மிஞ்சியது. ஒரு மாதம் கழித்துக் காளி கண்டகி ஆற்றை மண்சரிவு மறித்து ஏரியாக்கியது. கீழே இருந்தவர்கள் ஓடவேண்டி வந்தது. நடுக்கத்தில் வெடித்த மலைச்சரிவுக்குள் மழைக்காலம் தண்ணீர் ஊற்றும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று பின்வரிசையில் ஒருவர் முகம் கேட்கிறது. நியாயம்தான். பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாக இருக்கிறது, இலங்கை அப்படியொரு தட்டின் விளிம்பில் இல்லை. 2020-இல் திகன பக்கம் வந்ததெல்லாம் சின்ன அதிர்வுகள். இமயமலை அளவு நடுக்கம் நுவரெலியாவுக்கு வரும் என்று நான் பயமுறுத்த வரவில்லை. ஆனால் பாதை அடைபடுவதற்குப் பூமியதிர்ச்சிதான் வேண்டுமா? 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசைகளை மண் மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டியும் பதுளையும் நுவரெலியாவும் பட்ட பாட்டை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். பலர் அங்கே சொந்தக்காரரின் போன் வேலை செய்யாமல் இங்கே அழுதீர்கள். மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வீதியின் கீழ் முனையில் நிற்கும். ஊர் மேலே இருக்கும்.

தோண்டும்போது முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: யார் எங்கே படுத்திருந்தார்? பக்கத்து அறைக்காரிக்கு அது தெரியும். பாட்டி கதவோரம் படுப்பாள், சின்னவன் அடுப்படியில் படுப்பான், மூத்தவன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான், அவனைத் தேடவேண்டாம் என்று அவள் சொல்வாள். அவளும் மண்ணுக்குள் என்றால்?

நான் வளர்ந்த தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாக் குழு ஒன்று இருந்தது. இப்போதும் பல தோட்டங்களில் இருக்கிறது. நூறு பேருக்குச் சமைக்கும் அண்டா அவர்களிடம்தான், ஒலிபெருக்கியும் ஜெனரேட்டரும் அவர்களிடம்தான். தேர் இழுக்கிற தடித்த கயிறும் கோவிலில்தான் சுருட்டி வைத்திருக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, திருவிழாவுக்கு வீடு வீடாகக் காசு சேர்க்கும் வரி நோட்டு. எந்த லயன், எத்தனையாவது அறை, எத்தனை தலை, யார் கொடுத்தார், யார் பாக்கி என்று ஒன்றும் தப்பாது. தலைவர் அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார். மலைநாட்டில் சொந்தம் இருப்பவர்கள் அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது அந்த நோட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் இன்னும் ஒரு கோடு கிழித்து ஒரு பத்தி சேர்க்கவேண்டும்: இரவில் யார் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிறார்கள். அப்புறம் ஒரு பிரதி எடுத்து, சரிவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற வேறொரு லயனில் கொடுத்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.