வடைக்கு வந்த பதில்

நடுவர் அவர்களே, நெல்லைப் பெருமக்களே, வணக்கம். மற்ற மரியாதைகளைச் செய்தால் மணி அடித்துவிடும் என்பதால், எதிரணி அண்ணாச்சியின் டீக்கு நேரே வந்துவிடுகிறேன். ‘வறுமையை ஒழிப்பது அரசுதான், ஊர்ச்சங்கம் என்பது டீயும் வடையும் முடிந்ததும் கலைகிற கூட்டம்’ என்று அவர் சொன்னதும் நீங்கள் கைதட்டினீர்கள், உண்மையைச் சொன்னால், நானும் தட்டினேன்.

பணம் அரசு கொடுத்ததுதான். 2005-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழக அரசு தொடங்கிய புது வாழ்வுத் திட்டத்தின் பணத்தைத் தாமிரபரணி அடித்துக்கொண்டு வந்து கரையில் போடவில்லை. ஆனால், அந்தப் பணம் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை ‘மக்கள் நிலை ஆய்வு’ என்ற பெயரில் ஊராரே கூடிப் பேசி, கிராம சபையின் ஒப்புதலைப் பெற்று, தாங்களே அமைத்த கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தின் வழியே நடத்த வேண்டும் என்பதுதான் அத்திட்டத்தின் உயிராக இருந்தது. கணக்கைப் பார்க்கிற சமூகத் தணிக்கைக் குழுவும் ஊருக்குள்ளிருந்தே வந்தது.

முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அந்த ஆய்வு நடந்த அன்று நானும் இருந்தேன். கோயில் வாசலில் தெரு, குளம், வீடுகள் என்று ஊரையே கோலப்பொடியால் வரைந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த அலுவலர் ஒரு வீட்டைக் காட்டி, ‘இது காரை வீடு, இவர்கள் வசதியானவர்கள்’ என்றார். மடியிலிருந்த பீடித்தட்டை இறக்காமலே ஓர் அக்கா கேட்டார்: ‘காரை வீடுதான் சார். அந்த ஆச்சி வீட்டு அடுப்பு எத்தனை நாளா எரியலைன்னு உங்க தாள்ல இருக்கா?’

அலுவலர் தாளைத் திருப்பிப் பார்த்தார். நடுவர் அவர்களே, திருப்பிப் பார்த்தார்! பின்பக்கத்திலும் இல்லை. வீட்டைக் கட்டிய மகன் போய்ச் சேர்ந்துவிட்டான், கடன் மட்டும் நின்றுவிட்டது என்பது எந்தத் தாளில் இருக்கும்? சுவரில் பூசிய காரை சென்னைக்கும் தெரியும். கூரைக்கு மேல் புகை வராதது பக்கத்து வீட்டுக்குத்தானே தெரியும்?

இனி, அண்ணாச்சியின் வடை. அன்றும் வடை வந்தது, மறைக்கவில்லை; ஆளுக்கு ஓர் உளுந்த வடை. அந்த ஆச்சி டீயை மட்டும் குடித்துவிட்டு, வடையைத் தாளோடு மடித்துப் பேரனுக்காக முந்தானையில் முடிந்துகொண்டார். அதைப் பார்த்த கண் அந்த அக்காவின் கண்; அவர் கேட்ட கேள்வி அந்த முடிச்சிலிருந்துதான் பிறந்தது. நீங்கள் கேலி செய்த வடைதான், அண்ணாச்சி, அன்றைக்கு அந்த ஊரின் ஆய்வறிக்கை.

ஆச்சியின் பெயர் பட்டியலில் ஏறியது. பிறகு எவ்வளவு கிடைத்தது, என்ன தொழில் தொடங்கினார் என்றெல்லாம் அடுக்கினால் என் அணிக்கு மதிப்பெண் கூடும். மனம் அங்கே போக மறுக்கிறது. கூட்டம் கலைந்து நாங்கள் எல்லாரும் அந்தக் கோலத்தின் மேலேயே நடந்து போனோம். ஆச்சி மட்டும், முந்தானை முடிச்சைப் பிடித்தபடி, பொடியால் வரைந்த தன் வீட்டை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போனார்.

நன்றி.