பெடலை மிதித்தும் கார் பாயவில்லையா?

வணக்கம் நேயர்களே.

வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்கு ஏறப் பார்க்கிறீர்கள். வலப்பக்கம் பஸ் வருகிறது. அதற்கு முன்னே நுழைய ஒரு சின்ன இடைவெளி. அக்சிலேற்றரை மிதிக்கிறீர்கள், கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. "பிக்கப் இல்லை" என்று கராஜில் பலர் முறையிடுவது இதைத்தான்.

முன்பெல்லாம் பெடலையும், எஞ்சினுக்குள் போகும் காற்றைத் தகட்டால் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலையும் ஒரு கேபிள் இணைத்தது. கால் அசைந்தால் உள்ளே தகடும் அசையும். 1980களின் கடைசியில் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் கேபிளுக்குப் பதில் மின்சார வயர் வந்தது. இன்று நம் வீதிகளில் ஓடும் ஜப்பான் கார்களிலும் பெரும்பாலும் அதுதான். பெடலில் இரண்டு சென்சர்கள் இருக்கும். இரண்டும் ஒத்த கணக்கைச் சொல்கின்றனவா என்று காரின் கணினி சரிபார்த்து, அப்புறம்தான் த்ரொட்டில் தகட்டைத் திருப்பும் சின்ன மோட்டருக்கு உத்தரவு போகும். புகை, பெற்றோல் செலவு, கியர்பெட்டிக்கு விழும் அடி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் எவ்வளவு திறப்பது என்று முடிவாகும். ஆகவே இந்தத் தாமதத்தில் ஒரு பங்கு கார்க் கம்பனியே வேண்டுமென்று வைத்தது.

காசு செலவழிக்க முன், பெற்றோலை மிச்சம் பிடிக்கும் ஈக்கோ பட்டனைப் பாருங்கள். அக்வா, வெசல் போன்ற கார்களில் அதை அமத்தி வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் உண்டு. அதை நிறுத்தினாலே பாதி முறைப்பாடு தீர்ந்துவிடும்.

அடுத்தது அழுக்கு. எஞ்சினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி, த்ரொட்டில் தகட்டின் விளிம்பில் கறுப்பாகப் படியும். கொழும்பு நெரிசலில் மணிக்கணக்காக ஐடிலில், அதாவது எஞ்சின் ஓடியபடி, நிற்கும் காருக்கு இது சீக்கிரம் வரும். துடைக்கும்போது கவனம்: இக்னிஷன் போட்டிருக்கையில் தகட்டை விரலால் தள்ளக்கூடாது, உள்ளே சின்னப் பற்சக்கரங்கள் இருக்கின்றன. கிளீனரைத் துணியில் அடித்துத் துடைப்பதே நல்லது. துடைத்த பிறகு ஐடில் வேகம் ஏறிப்போனால் பயப்பட வேண்டாம். அழுக்கோடிருந்த நிலையைக் கணினி பழகி வைத்திருக்கிறது. ஸ்கேனரால் மறுபடி பழக்க வேண்டும். நிசான் கார்களில் இந்த வேலையைத் தவறவிடவே கூடாது. எயார் ஃபில்டரையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. கியரைப் பார்க்கில் வைத்து மிதித்தால் எஞ்சின் சட்டென்று ஏறுகிறது, ட்ரைவில் மட்டும் தயங்குகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது சிவிடி எனப்படும் படியில்லாத ஓட்டோ கியர்பெட்டியை. த்ரொட்டிலைச் சும்மா விட்டுவிடுங்கள்.

சரி, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலும் இணையத்திலும் விற்கிறார்களே, த்ரொட்டில் கண்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டி? பெடல் சொக்கெட்டுக்கு நடுவில் மாட்டுவது. நீங்கள் 30 வீதம் மிதித்தால், 50 வீதம் என்று அது கணினியிடம் பொய் சொல்லும். கார் சுறுசுறுப்பாகத் தெரியும். ஆனால் பெடலை அடிவரை மிதித்தால் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகம்தான், எஞ்சினின் வலு ஒரு துளியும் கூடாது. முச்சக்கரவண்டிக்குப் பின்னால் ஊரும்போது கார் வெட்டி வெட்டிப் பாயும். என்னைக் கேட்டால், நகர ஓட்டத்துக்கு இது வீண் செலவு. வாங்கியே தீருவேன் என்றால், உங்கள் மொடலுக்குரிய சொக்கெட்தானா என்று பாருங்கள். வயரை வெட்டி ஒட்டச் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். மாட்டிய பிறகு, நெரிசல் நேரத்தில் ஆகக் குறைந்த நிலையிலேயே வைத்து ஓட்டுங்கள்.