தட்டுவதற்கு முன்னால்

விழாத் தலைவர் அவர்களே, எலும்பு மூட்டு மருத்துவர் அம்மா அவர்களே, எங்கள் மாஸ்டர் அவர்களே, புது மேட் வாங்கிக் கொடுத்த ஜவுளிக்கடை அண்ணாச்சி அவர்களே, பெற்றோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம். மருத்துவர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. நம் பிள்ளைகளின் ஸ்கேன் படங்களை ஞாயிற்றுக்கிழமையிலும் பார்த்துச் சொல்கிறவர் அவர்.

எதிராளியைப் பிடித்து மடக்கும் நம் விளையாட்டைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: ஆபத்தான பிடி, அதைப் போடுகிறவர், நடுவர்.

முதலில் பிடி. ஹீல் ஹுக் போடும்போது எதிராளியின் காலை நம் கால்களால் பூட்டி, குதிகாலை முழங்கை மடிப்பில் மாட்டித் திருப்புகிறோம். திருப்புவது குதிகாலை, கிழிவது முழங்கால் ஜவ்வு. கையை நீட்டி முழங்கையை எதிர்ப்பக்கம் மடக்கும் ஆர்ம்பாரில் வலி முந்திக்கொண்டு வரும், தோற்றேன் என்று கையால் தட்டிவிடலாம். இதில் வலி தெரிவதற்குள் பல நேரம் ஜவ்வு போயிருக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என் பாட்டி சொல்வார், அதேதான் இது. ஜூடோவில் முழங்கை தவிர வேறு மூட்டில் பூட்டே கூடாது. தரையில் கட்டிப் பிடித்துப் பூட்டுப் போடும் கலையான பிரேசில் ஜியு-ஜிட்சுவின் சர்வதேச கூட்டமைப்பு ஹீல் ஹுக்கை அனுமதித்ததே 2021-இல்தான். அதுவும் சீருடை இல்லாத போட்டியில், பிரவுன், பிளாக் பெல்ட் பெரியவர்களுக்கு மட்டும்.

அடுத்து, போடுகிறவர். பிரேசில் வீரர் ரூசிமார் பல்ஹாரெஸ் 2010-இல் நடுவர் நிறுத்திய பிறகும் பிடியை விடவில்லை. 90 நாள் தடை. 2013-இல் மறுபடியும் அதே. கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி நடத்தும் அமெரிக்க நிறுவனமான யுஎஃப்சி அவரை வெளியே அனுப்பியது. 2015-இல் இன்னொரு அமைப்பின் போட்டியில் தோளை முறுக்கும் கிமுரா பிடியை விடாமல் இழுத்தார். அமெரிக்காவின் நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் இரண்டு வருடத் தடையும் 40,000 டாலர் அபராதமும் போட்டது. முதல் தடவையே கடுமையாக நடந்துகொண்டிருக்க வேண்டாமா? கண் கெட்ட பிறகுதான் சூரிய நமஸ்காரமா?

சரி, நடுவருக்கு வருகிறேன். 2004 ஜூன், லாஸ் வேகாஸ். யுஎஃப்சி ஹெவிவெயிட் பட்டத்துக்கு டிம் சில்வியாவும் ஃபிராங்க் மிர்ரும் மோதுகிறார்கள். சில்வியா ஆறடி எட்டு அங்குல உயரம், மலை மாதிரி ஆள். மிர் கீழே மல்லாந்து படுத்தபடியே அவர் கையைப் பிடித்து ஆர்ம்பார் போட்டார். அப்போது சில்வியாவின் கை மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், மூட்டே இல்லாத இடத்தில், மடிந்தது. சில்வியா தட்டவில்லை. நடுவர் ஹெர்ப் டீன் பாய்ந்து வந்து நிறுத்தினார். ஆட்டம் தொடங்கி 50 வினாடிதான் ஆகியிருந்தது. சில்வியா எழுந்து, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சண்டை பிடிக்கிறார். அரங்கம் முழுக்க நடுவரைப் பார்த்துக் கூச்சல். அப்புறம் பெரிய திரையில் அந்தக் காட்சியை மறுபடி காட்டினார்கள். கத்திய கூட்டத்துக்கு அப்போதுதான் புரிந்தது. எக்ஸ்ரே எடுத்தால், எலும்பு முறிவு! அந்த ஒரு நிமிடம் டீன் கூட்டத்துக்குப் பயந்திருந்தால் அந்தக் கை என்ன ஆகியிருக்கும்? 2006 ஏப்ரலில் அதே சில்வியா மறுபடியும் சாம்பியன் ஆனார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தட்ட மாட்டான். அப்பா பார்க்கிறார், நண்பர்கள் பார்க்கிறார்கள், பதினாறு வயது. அவனுக்காகத் தட்ட வேண்டியவர் நடுவர். நம் போட்டிகளிலோ, விசிலைக் கொடுத்து யாரையாவது நடுவராக நிற்க வைத்துவிடுகிறோம். எந்தப் பூட்டு எந்த மூட்டைக் கெடுக்கும் என்று தெரியாதவர் எப்படி நேரத்தில் நிறுத்துவார்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் வேண்டாம் என்றுதான் இரண்டு வருடமாக ஒவ்வொரு மேடையிலும் கேட்கிறேன். சிறுவர்களுக்கான விதிகள் பற்றியும் சொல்ல வேண்டும், நேரம் இல்லை.

வாசல் மேசையில் ஒரு மனு இருக்கிறது. பயிற்சி பெற்ற நடுவரும் மருத்துவரும் இல்லாத போட்டிக்கு அனுமதி கொடுக்காதீர்கள் என்று விளையாட்டுத் துறைக்கு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்தைத் தலைவர் அவர்கள் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பேனாவும் அங்கேயே இருக்கிறது. போகும்போது போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.