பழைய படத்த ஒருத்தர் கைல எப்படி குடுக்குறது

எல்லாருக்கும் வணக்கம். பழைய படங்கள் பத்தி பேசணும்னு சொன்னதும், "சாகுறதுக்குள்ள பாக்க வேண்டிய நூறு படம்"னு ஒரு லிஸ்ட்டோட வருவேன்னு சில பேர் நெனச்சிருப்பீங்க, நோட்டு பேனாவெல்லாம் தயாரா இருக்கு பாக்குறேன். லிஸ்ட் கொண்டு வரல. இத்தன வருஷமா மத்தவங்களுக்கு பழைய படம் சொல்லி சொல்லி நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான், ஒரு படத்த ஒரு ஆளுக்கு குடுக்கணும், ஊருக்கே நூறு படம் குடுக்கக்கூடாது. அத விளக்கத்தான் வந்திருக்கேன்.

என் தம்பிக்கு ஒரு தடவ சிட்டிசன் கேன் போட்டு காட்டுனேன். 1941ல வந்த படம், அத எடுத்த ஆர்சன் வெல்ஸ் அப்ப இருபத்தஞ்சு வயசு ஆளு. "உலகத்துலயே சிறந்த படம்டா"ன்னு மட்டும்தான் அவன்கிட்ட சொன்னேன். இருபது நிமிஷத்துல அவன் போன கைல எடுத்துட்டான். அது படத்தோட தப்பும் இல்ல, அவனோட தப்பும் இல்ல. "சிறந்த"ங்குற வார்த்த ஒருத்தர படத்துக்குள்ள கூட்டிட்டு போறதே இல்ல, வாசல்லயே நிக்க வச்சு பரீட்சை எழுத சொல்ற மாதிரி ஆயிடுது. அதுவும் அந்த "சிறந்த" என்ன நிலையா நிக்குதா? சைட் அண்ட் சவுண்ட்ங்குற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகை பத்து வருஷத்துக்கு ஒருக்கா விமர்சகர்கள்ட்ட ஓட்டு எடுக்கும். 1952ல முதல் இடம் பைசைக்கிள் தீவ்ஸ், அப்புறம் 1962லேந்து 2002 வரைக்கும் அஞ்சு தடவையும் சிட்டிசன் கேன், 2012ல ஹிட்ச்காக்கோட வெர்டிகோ, 2022ல ஷான்டல் அக்கர்மன் எடுத்த ஜான் டீல்மான். அந்த கடைசி படம் 201 நிமிஷம், ஒரு அம்மா மூணு நாள் வீட்டு வேல செய்யுறத, உருளக்கிழங்கு தோல் உரிக்குறத, பாத்திரம் கழுவுறத அப்படியே உக்காந்து பாக்கணும். எனக்கு உயிர் அந்த படம். ஆனா பழைய படமே பாத்திராத ஒருத்தருக்கு முதல் படமா அத குடுத்தா அவர் அடுத்து என் போன எடுக்கவே மாட்டாரு.

சரி, தம்பி கதைக்கு வர்றேன். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அவன் பாரசைட்ங்குற கொரிய படம் பாத்தான். ஒரு வாரம் அதையே பேசிட்டு இருந்தான், அந்த வீடு, அந்த மாடிப்படி, மேல இருக்குறவங்க கீழ இருக்குறவங்கன்னு. அப்பதான் நான் சொன்னேன், டேய் இத எடுத்த பாங் ஜூன் ஹோ தன்ன பாதிச்ச படம்னு சொல்றது 1960ல கிம் கி யங் எடுத்த தி ஹவுஸ்மெய்ட், அதுலயும் ஒரு ரெண்டு மாடி வீடு, ஒரு மாடிப்படி, வேலைக்கு வர்ற ஒரு பொண்ணு, சமையல்கட்டுல எலி மருந்துன்னு. இவ்ளோதான் சொன்னேன். அன்னிக்கு ராத்திரியே பாத்துட்டான். கறுப்பு வெள்ளை, கொரிய மொழி, அறுபது வருஷப் பழசு, இது எதுவுமே அவனுக்கு தடையா தெரியல, ஏன்னா அவன் உள்ள வரும்போதே ஒரு கேள்வியோட வந்தான். காலைல மெசேஜ், "அடுத்தது என்ன?"

அதனால யாராச்சும் என்கிட்ட நல்ல பழைய படம் சொல்லுங்கன்னு கேட்டா நான் திருப்பி கேக்குறது ஒண்ணுதான், உங்களுக்கு ரொம்ப பிடிச்ச புதுப்படம் எது? அதுலேந்து பின்னாடி நடக்கணும். கிளின்ட் ஈஸ்ட்வுட் பிடிக்கும்னா அவர் நடிச்ச எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ் (1964), அங்கேந்து ஒரு எட்டு பின்னாடி வச்சா ஜப்பான் டைரக்டர் குரோசாவாவோட யோஜிம்போ (1961), ரெண்டும் எவ்ளோ ஒண்ணா இருந்துச்சுன்னா யோஜிம்போவோட டோஹோ கம்பெனி கேஸே போட்டுச்சு. ஒரே சம்பவத்த நாலு பேர் நாலு விதமா சொல்ற கதை பிடிக்கும்னா ரஷோமோன் (1950), வெறும் 88 நிமிஷம்தான். அங்கேந்து அப்படியே நம்ம மொழிக்கு வந்தீங்கன்னா 1954ல எஸ். பாலச்சந்தர் எடுத்த அந்த நாள். பாட்டே கிடையாது, ஒண்ணு கூட. சிவாஜி படம் ஆரம்பிச்ச உடனேயே குண்டடிபட்டு செத்துப்போறார், மிச்சப்படம் முழுக்க ஒவ்வொருத்தரும் சொல்ற கதைலதான் அவர பாக்குறோம். பராசக்தி வந்து ரெண்டே வருஷத்துல இத எடுத்திருக்காங்க, இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு மலைப்பா இருக்கு.

படங்கள் ஒண்ண ஒண்ணு கைபிடிச்சு கூட்டிட்டு போகும். சத்யஜித் ரே 1950ல லண்டன் போயிருந்தப்ப இத்தாலி டைரக்டர் டி சிகாவோட பைசைக்கிள் தீவ்ஸ் (1948) பாத்தார். சைக்கிள் திருடு போன அப்பாவா நடிச்சவர் நிஜத்துல ஒரு ஃபேக்டரி தொழிலாளி, நடிகரே இல்ல. ஸ்டுடியோ வேணாம், ஸ்டார் வேணாம், இப்படியும் எடுக்கலாம்னு ரேவுக்கு ஒரு தைரியம் வந்துச்சு, 1955ல பதேர் பாஞ்சாலி வந்துச்சு. அதுக்கு கேமரா பண்ண சுப்ரதா மித்ராவுக்கு ஷூட்டிங் ஆரம்பிச்சப்ப இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு வயசுதான், அதுக்கு முன்னாடி சினிமா கேமராவே ஓட்டுனதில்ல. இந்த ரெண்டு படத்தையும் அடுத்தடுத்த ரெண்டு ராத்திரில பாருங்க. முதல் படத்துல அந்த பையன் அப்பாவ நிமிர்ந்து பாக்குறத பாத்துட்டு, மறுநாள் அக்கா துர்காவும் தம்பி அப்புவும் நாணல் பூவுக்குள்ள ரயில் பாக்க ஓடுறத பாத்தா, நான் விளக்குறதுக்கு ஒண்ணுமே மிச்சம் இருக்காது.

இங்க ஒரு விஷயம் அழுத்தி சொல்லணும், யாரும் பெருசா கண்டுக்காத விஷயம். எந்த படம்ங்குறது மட்டும் இல்ல, எந்த காப்பிங்குறதும் முக்கியம். பதேர் பாஞ்சாலியும் அதோட தொடர்ச்சியா ரே எடுத்த ரெண்டு படமும் சேந்த அப்பு படங்களோட நெகடிவ் 1993ல லண்டன்ல ஒரு லேப் தீப்பிடிச்சப்ப எரிஞ்சும் உருகியும் போச்சு. அந்த மிச்சத்த தூக்கிப்போடாம பத்திரமா வச்சிருந்து, பல வருஷம் கழிச்சு இத்தாலில பொலோன்யா நகரத்துல ஒரு லேப்ல ஃபிரேம் ஃபிரேமா சரி பண்ணி, மத்த நாட்டு காப்பிகளையும் சேத்து 2015ல திரும்ப கொண்டு வந்தாங்க. அத பாத்துட்டு, பழைய மங்கலான காப்பி பாத்தவங்க கிட்ட கேளுங்க, ரெண்டும் ஒரே படமான்னு சந்தேகமே வந்துடும். தி ஹவுஸ்மெய்ட்லயும் அப்படித்தான், நெகடிவ்ல ரெண்டு ரீல் காணாம போயி, கையால சப்டைட்டில் எழுதுன ஒரு காப்பிலேந்து அத எடுத்து எழுத்த அழிச்சு சேத்திருக்காங்க, அந்த இடத்துல படம் கொஞ்சம் மங்கும், மங்குனா ஏன்னு தெரிஞ்சுக்கிட்டு பாருங்க. மெட்ரோபோலிஸ் (1927)ங்குற ஜெர்மன் ஊமைப்படத்துக்கு 2008ல புவனஸ் அயர்ஸ்ல ஒரு மியூசியத்துலேந்து இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு பக்கமா காணாம போன காட்சிங்க கெடச்சுது, அதனால 2010க்கு அப்புறம் வந்த வெர்ஷன்தான் பாக்கணும். எல்லாத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்ல. அமெரிக்க முழுநீள ஊமைப்படங்கள்ல எழுபது சதவீதம் மொத்தமா அழிஞ்சு போச்சுன்னு அந்த நாட்டு லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013ல ஒரு அறிக்கையே போட்டுச்சு. கெடச்சிருக்குறத மோசமான காப்பில பாத்துட்டு "போர்"னு சொல்லிட்டா மனசு வலிக்குது எனக்கு.

ஊமைப்படம்னா எல்லாரும் குடுகுடுன்னு ஓடுவாங்கன்னு நெனைக்கிறோம் இல்லயா, அவங்க அப்படி எடுக்கவே இல்லங்க. கையால சுத்துற கேமராவுல செகண்டுக்கு பதினாறு, பதினெட்டு, இருபது ஃபிரேம்னு எடுத்தத பின்னாடி வந்தவங்க இருபத்துநாலுல ஓட விட்டதால வந்த ஓட்டம் அது. சரியான வேகத்துல இருக்குற காப்பில ஊமைப்பட காமெடி நடிகர் பஸ்டர் கீட்டனோட ஷெர்லாக் ஜூனியர் (1924) பாருங்க, முக்கா மணி நேரந்தான், சின்ன பசங்களோட உக்காந்து பாக்கலாம், பேசுற வசனம் இல்ல, நடுவுல அப்பப்ப எழுத்து அட்டைதான் வரும், அதனால சப்டைட்டில் பயமும் பெருசா இல்ல. அதுல தண்ணி தொட்டிலேந்து தண்ணி மொத்தமா அவர் மேல கொட்டுற காட்சில நிஜமாவே அவர் கழுத்தெலும்பு முறிஞ்சிருக்கு, அது பல வருஷம் கழிச்சு எக்ஸ்ரேலதான் அவருக்கே தெரிஞ்சுது.

அப்புறம் உங்க டிவி. செட்டிங்ஸ்ல போயி மோஷன் ஸ்மூத்திங் மாதிரி என்ன பேர்ல இருந்தாலும் அத ஆஃப் பண்ணிடுங்க, இல்லாத ஃபிரேம அது நடுவுல தானா சொருகி படத்த சீரியல் மாதிரி ஆக்கிடும். ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கேன்னு ஜூம் பண்ணாதீங்க, ரொம்ப பழைய படங்கள பெரும்பாலும் கிட்டத்தட்ட சதுரமாத்தான் எடுத்தாங்க, ஜூம் பண்ணா மேலயும் கீழயும் தலையும் காலும் போயிடும். கலர் ஏத்துன வெர்ஷன் வேணவே வேணாம்.

எங்க பாக்குறதுன்னு கேப்பீங்க. கொரிய ஃபிலிம் ஆர்க்கைவ் யூடியூப்ல தன்னோட பழைய படங்கள சப்டைட்டிலோட இலவசமா வச்சிருக்கு, மோஸ்ஃபிலிம்ங்குற ரஷ்ய ஸ்டுடியோவும் அப்படித்தான். காப்பிரைட் முடிஞ்ச படங்க இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்குற வெப்சைட்ல நெறய கெடக்கு. இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப் (1946) ரிலீஸ் ஆனப்ப பெருசா ஓடல, 1974ல காப்பிரைட்ட புதுப்பிக்க விட்டுட்டாங்க, உடனே அமெரிக்க டிவி சேனலுங்க வருஷா வருஷம் திரும்ப திரும்ப போட ஆரம்பிச்சு, வீட்டு ஹால்ல பாத்த ஜனங்கதான் அத கிளாசிக் ஆக்குனாங்க. கிளாசிக்னா தியேட்டர்லதான் பொறக்கணும்னு இல்ல.

குடுக்கும்போது கதைய சொல்லாதீங்க, கவனிக்க ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. டுவெல்வ் ஆங்ரி மென் (1957) குடுத்தா, ஒரே ரூம்ல நடக்குற கதைன்னு மட்டும் சொல்லி, போகப்போக அந்த ரூம் சின்னதாகுற மாதிரி தோணுதான்னு பாருன்னு சொல்லுங்க. அத எடுத்த சிட்னி லூமெட், படம் நகர நகர லென்ஸ மாத்தி கேமராவ கீழ எறக்கிட்டே வந்திருக்கார், சுவரும் சீலிங்கும் நெருங்கி வர்ற மாதிரி இருக்கும். அத அவங்களே கண்டுபிடிச்சு உங்களுக்கு போன் பண்ணுவாங்க பாருங்க, அந்த போனுக்காகத்தான் நான் இதெல்லாம் பண்றேன். பழைய படத்துல பொண்ணுங்கள அடிக்குறது, கறுப்பின மக்கள கேவலமா காட்டுறது மாதிரி காட்சி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, நம்பி உக்காந்தவங்கள திடீர்னு தள்ளி விடக்கூடாது. பிடிக்கலன்னு சொன்னாங்கன்னா வாதாடாதீங்க, எந்த இடத்துல விட்டுப்போச்சுன்னு மட்டும் கேளுங்க, அடுத்த படம் அந்த பதில்லதான் இருக்கும்.

நேரம் ஆச்சு, மைக்க குடுத்துடுறேன். நோட்டு பேனாவோட இருக்குறவங்க முன்னாடி வாங்க, உங்களுக்கு ரொம்ப பிடிச்ச ஒரே ஒரு படத்தோட பேர எழுதி குடுங்க, அதுக்கு பக்கத்துல நான் ஒரு பழைய படம் எழுதி தர்றேன்.