ஸ்கேன் எடுக்கும் முன் ஒரு கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

2021 மே மாதம் பலருக்கும் நினைவிருக்கும். கொரோனா இரண்டாம் அலை. லேசாக இருமல் வந்தவர்கள்கூட டாக்டர் சீட்டு இல்லாமலே ஸ்கேன் சென்டருக்குப் போய், எக்ஸ்ரே கதிராலேயே உடலை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேனை நெஞ்சுக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்போது டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா, ஒரு சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சு 300 முதல் 400 நெஞ்சு எக்ஸ்ரேவுக்குச் சமம் என்று எச்சரித்தார். ரேடியாலஜி மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் உடனே மறுத்தது. இப்போதைய குறைந்த கதிர்வீச்சு சி.டி. 5 முதல் 10 எக்ஸ்ரேவுக்குத்தான் சமம் என்றது. ஜனங்கள் குழம்பிப்போனார்கள். யார் சொல்வதை நம்புவது?

கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும். உடலில் படும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அளவால் சொல்கிறோம். நேராக நிற்கவைத்து எடுக்கும் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே சுமார் 0.02 மில்லிசீவர்ட். வழக்கமான நெஞ்சு சி.டி. சுமார் 7. வகுத்தால் 350 வருகிறது. அதே எக்ஸ்ரேயை முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டாக எடுத்தால் 0.1 வரை போகும்; சி.டி.யையும் குறைந்த அளவில் 1 மில்லிசீவர்ட்டுக்கு எடுக்க முடியும். இப்போது வகுத்தால் 10. இரண்டு பேர் கணக்கிலும் பிழையில்லை. எந்த மெஷினில், எந்த அளவில் எடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். நோயாளிக்கு யாரும் சொல்லாததும் அதுதான்.

கதிர்வீச்சே இல்லாத இடம் பூமியில் கிடையாது. மண்ணிலிருந்தும், விண்வெளியிலிருந்தும், சுவாசிக்கும் காற்றிலிருந்தும் உலக சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் சேருகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரையில், மோனசைட் மணலில் தோரியம் என்ற கதிர்வீசும் உலோகம் இருப்பதால், இன்னும் கூடுதல். தலைக்கு எடுக்கும் சி.டி. சுமார் 2, வயிற்றுக்கு எடுப்பது 8 முதல் 10. அதாவது வயிற்று சி.டி.யில், மூன்று, நான்கு ஆண்டுகளில் இயற்கையாக வருவது சில நொடிகளில் வந்துவிடுகிறது.

அதனால் என்ன ஆகும்? கதிர் பட்டால் செல்லின் டி.என்.ஏ. அறுபடலாம். பெரும்பாலும் உடல் தானே சரிசெய்துகொள்ளும். எப்போதாவது தப்பாக ஒட்டினால், பல ஆண்டுகள் கழித்து அது புற்றுநோயாக முடியலாம். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் இந்த ஆபத்து தெளிவாகவே தெரிந்தது. அதற்குக் கீழே எவ்வளவு என்பதில் நிபுணர்களுக்குள் இன்றும் வாதம் உண்டு.

குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுடைய செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. வாழ வேண்டிய காலமும் நீளம். ஐரோப்பாவில் 9 நாடுகளில், சிறுவயதில் சி.டி. எடுத்துக்கொண்ட ஏறக்குறைய 9.5 லட்சம் பேரை ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சி.டி. எடுத்த 10,000 குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கு அடுத்த 12 ஆண்டுகளில் அந்தக் கதிர்வீச்சால் ரத்தப் புற்றுநோய் வரலாம் என்பது அவர்கள் கணிப்பு. சின்ன எண்தான். தலையில் ரத்தக்கசிவு என்று சந்தேகம் வந்தால் அந்த எண்ணை நினைக்கவே வேண்டாம், உடனே எடுத்துவிடுங்கள், அந்த ஸ்கேன் உயிரைக் காப்பாற்றும். ஆனால் கட்டிலிலிருந்து விழுந்து, ஒரு பாடு அழுதுவிட்டு, மறுபடி ஓடியாடும் பிள்ளையைத் தூக்கி வந்து "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க டாக்டர்" என்கிறார்கள். அந்த "எதுக்கும்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு மனசு பதறும். மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, நடத்தையில் மாற்றம் எதுவும் இல்லையென்றால், டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சில மணிநேரம் கவனிக்கச் சொன்னாலே பெரும்பாலும் போதும். ஸ்கேன் எழுதிக் கொடுக்காத டாக்டரிடம் கோபப்படாதீர்கள்.

அப்புறம், ஒரே ஸ்கேனை இரண்டு முறை எடுப்பது. ஊரில் எடுத்த படம் வீட்டு பீரோவில் இருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும்போது வெறும் ரிப்போர்ட் தாள் மட்டும் கையில் இருக்கும். படத்தைப் பார்க்காமல் ஆபரேஷன் முடிவு எடுக்க முடியாது என்று மறுபடி எடுக்கிறார்கள். காசும் போகிறது, கதிரும் கூடுகிறது. பிலிம், குறுந்தகடு இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "இதையே அல்ட்ராசவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்க்க முடியுமா?" இந்த இரண்டிலும் எக்ஸ்ரே கதிர் இல்லை. பித்தப்பைக் கல்லுக்கு முதலில் அல்ட்ராசவுண்டுதான் பார்ப்போம். கர்ப்பம் இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால்கூட, மேஜையில் படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சி.டி. முடிந்ததும் மெஷின் திரையில் கதிர்வீச்சு அளவுக் கணக்கு ஒரு பக்கமாக வரும். அதில் டி.எல்.பி. என்று, அந்த ஸ்கேனில் மெஷின் கொடுத்த மொத்தக் கதிரைக் காட்டும் ஓர் எண் இருக்கும். பெரியவர்களின் நெஞ்சு ஸ்கேன் என்றால் அதை 0.014ஆல் பெருக்குங்கள், தோராயமாக மில்லிசீவர்ட் கிடைக்கும். 500 என்றால் 7. டெக்னீஷியனிடம் கேட்டால் காட்டுவார். அந்தப் பக்கத்தையும் குறுந்தகட்டில் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.