சமையலை விட்டுட்டா எழுத நேரம் கிடைக்குமா?

அடுத்த கேள்வி ஓசூர்ல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன். "அக்கா, காலையில 8 மணிக்கு கம்பெனி பஸ். திரும்பி வர ராத்திரி 7 ஆயிடும். அப்புறம் சமைச்சு, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி நிமிர்ந்தா 10 மணி. சிறுகதை எழுதணும்னு ரொம்ப நாள் ஆசை. நோட்டை எடுத்தா கண்ணு சொக்குது. பேசாம சமையலை விட்டுட்டு தினமும் ஆர்டர் பண்ணிடட்டுமா?"

வேண்டாம்மா. பகல்ல ஒரு ஆபீஸ்ல கணக்கு பாக்குறவதான் நானும். மிச்ச நேரத்துலதான் கதை. நீங்க கேட்டதை நான் மூணு மாசம் செஞ்சே பாத்துட்டேன். எதை வாங்குறதுன்னு தேட 20 நிமிஷம், வண்டி எங்க வருதுன்னு பாக்க அரை மணி நேரம், ரெண்டும் போனைக் கையில வெச்சுக்கிட்டே. அந்த மூணு மாசத்துல ஒரு கதை கூட முடியல. காசு போனது வேற.

அப்புறம்தான் யோசிச்சேன். சமையல் நமக்குக் கை பழகின வேலை. ஆபீஸ்ல இருந்து அலுத்துப்போய் வந்தாலும் ரசம் வெச்சுடலாம், உப்பு புளி எல்லாம் கையே போட்டுடும். கதை அப்படி இல்லையே, அதுக்குத் தெளிஞ்ச தலை வேணும். நீங்க நாள் பூரா எல்லாத்துக்கும் குடுத்துட்டு, கடைசியா மிஞ்சின தலையைக் கதைக்குக் குடுக்கறீங்க. அதை மாத்துங்க. காலையில 5 மணிக்கு எழுந்ததும் 40 நிமிஷம் எழுத்து. அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி. பால் கூட காய்ச்ச வேண்டாம், அடுப்படிக்குள்ள போயிட்டா வெளிய வர முடியாது.

"அப்ப காலை டிபனுக்கு என்ன பண்றது"ன்னு கேப்பீங்க. அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை மாவு. 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்தை நல்ல ஜில் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு அரைங்க, கிரைண்டர் சூடு மாவுல ஏறக்கூடாது. கொஞ்சம் எடுத்துத் தண்ணியில போட்டா மிதக்கணும், அதுதான் பதம். இப்ப ஒரு முக்கியமான விஷயம். அரைச்ச மாவு மொத்தத்தையும் புளிக்க வைக்காதீங்க. பாதியை உப்பு போடாம அப்பவே ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுங்க. மீதிப் பாதிக்கு உப்பு போட்டுக் கையால கரைச்சு வெளிய வைங்க. திங்கள், செவ்வாய் இட்லி, புதன் தோசை. புதன் சாயந்திரம் வந்ததும் அந்த இன்னொரு பாதியை எடுத்து உப்பு போட்டு வெளிய வெச்சா, வியாழன் வெள்ளிக்குப் புது மாவு மாதிரியே இருக்கும். உங்க ஊரு குளிரு. மார்கழி தை மாசத்துல ஒரு ராத்திரியில பொங்காது, பாத்திரத்தைச் சுத்தி ஒரு பழைய கம்பளியைப் போட்டு வைங்க.

அதே ஞாயித்துக்கிழமை ஒரு புளிக்காய்ச்சலோ வத்தக்குழம்போ வெச்சுடுங்க. நல்லெண்ணெய் தாராளமா ஊத்தணும், அதைக் குறைச்சுடாதீங்க. புளி, உப்பு, எண்ணெய் மூணும் சேர்ந்துதான் அதைக் கெடாம வெச்சிருக்கு. ஈரக் கரண்டி மட்டும் போடக்கூடாது.

ராத்திரிக்குக் குக்கர் போதும். அடுக்குப் பாத்திரத்துல கீழ பருப்பு, மேல அரிசி. திறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரியோட நின்னுடும், குக்கருக்குள்ள அழுத்தத்துனால கிட்டத்தட்ட 120 வரைக்கும் போகும். அதனால அடுப்பை நிறுத்தினாலும் உள்ள இன்னும் வெந்துக்கிட்டுத்தான் இருக்கும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீங்க. அது தானா அடங்க ஒரு 10, 15 நிமிஷம் ஆகும்ல? அந்த நேரம் உங்களோடது. நான் சமையல் மேடை ஓரமா ஸ்டூல் போட்டு உக்காந்து, காலையில எழுதின பக்கத்தைச் சத்தமா படிப்பேன். எங்க தடுக்குதுன்னு காதுக்குத் தெரியும். பென்சில்ல ஒரு கோடு. அவ்வளவுதான், திருத்துறது மறுநாள் காலையில.

இன்னொண்ணு சொல்லணும். அடுப்படியிலயே கதை வரும். அக்கா தங்கச்சி ரெண்டு பேரு அம்மா வீட்டைப் பிரிச்சுக்கிற மாதிரி ஒரு கதை எழுதிட்டு இருந்தேன். கடைசியில அக்கா என்ன சொல்லுவாங்கிறது ஒரு வாரமா வரல. புளிக்காய்ச்சல் கிண்டிக்கிட்டு இருக்கேன். சிம்ல வெச்சு, அடி பிடிக்காம, ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு வர்ற நேரம். அந்த வாசம் எங்க அம்மா புடவையில இருக்கும். டக்குனு வந்துச்சு: "சாவி உன்கிட்டயே இருக்கட்டும்டி, நான் வந்தா கதவைத் தட்டுறேன்." இடது கையால போனை எடுத்து ரெக்கார்ட் பண்ணேன். இப்பவும் அதைக் கேட்டா பின்னாடி எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேக்குது. அழிக்க மனசு வரல.

கேள்வியில வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல. இருக்காருன்னா இது அவருக்கும் சேர்த்து. 2019-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, வீட்டு வேலை செய்யற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிஷம் அதுல செலவழிக்கிறாங்க, வீட்டு வேலை செய்யற ஆண்கள் 97 நிமிஷம்னு வந்துச்சு. பெண்கள் எழுதாததுக்கு ஆயிரம் காரணம் சொல்றாங்க. எனக்கு இந்த 299 ஒண்ணே போதும். பாத்திரம் கழுவுறது, கிரைண்டர் கழுவுறது, இந்த ரெண்டையும் அவர்கிட்ட குடுங்க. "உதவி பண்ணுங்க"ன்னு கேக்காதீங்கம்மா. "இது உங்க வேலை"ன்னு சொல்லிக் குடுங்க. எங்க வீட்டுல அதைச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. நீங்க அவ்வளவு நாள் எடுத்துக்காதீங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டதும் அரிசியையும் உளுந்தையும் ஊறப் போடுங்க, 6 மணிக்கு அரைச்சா சரியா இருக்கும். திங்கக்கிழமை காலையில 5 மணிக்கு என்ன எழுதினீங்க, முதல் வரி மட்டும் எனக்கு அனுப்புங்க. நான் படிக்கணும்.

சரி, அடுத்த கேள்வி.